சந்தனம் உறைந்த கீபோர்டு

முத்திரை ஒட்டிய அரசாங்க இயந்திரம் எதையும், தலைமை அலுவலகத்தின் எழுத்துபூர்வ அனுமதியோடு வரும் கம்பெனி என்ஜினியர் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது. இது விதி. இதை எங்கள் பெங்களூர் கிளைக்குச் சுற்றறிக்கையாக அனுப்பியவர்கள், ஆயுத பூஜையைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பிரிவுக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர். நான் சூப்பரின்டென்டென்ட். கம்ப்யூட்டரை இயக்கியவர் ஜோகுபாளையத்திலிருந்து வரும் டைப்பிஸ்ட் அம்மா. ஊரிலுள்ள எல்லா அலுவலகங்களையும் போல, விடுமுறைக்கு முந்தின நாளே நாங்களும் பூஜை போட்டோம். பீரோ, ஸ்டேப்ளர், சுவர்க் கடிகாரம் எல்லாவற்றுக்கும் பொட்டு. கம்ப்யூட்டருக்குத் தனி மரியாதை: கீபோர்டின் ஸ்பேஸ் பார் முழுக்கக் குழைத்த சந்தனம், மேலே ஒரு கை பொரி. விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், அந்த நீளப் பட்டை அமுங்கியபடியே உறைந்திருந்தது. திரையில் கர்சர் யாரும் தொடாமலே வலப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது, மெஜஸ்டிக் போகும் பஸ்ஸைத் துரத்துகிறவர் போல.

அந்த மாதக் கடைசியில் நான் ஓய்வு பெறுகிறேன். என் பென்ஷன் தாள்களைக் கம்ப்யூட்டரில் அடித்துத்தான் அனுப்ப வேண்டும் என்று புது உத்தரவு. தாள் தாமதமானால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பலருக்கு நானே பதில் எழுதியிருக்கிறேன்.

அனுமதி கேட்டு அன்றைக்கே பதிவுத் தபால் அனுப்பினேன். என்ஜினியரைக் கூப்பிடலாமே என்றால், கூப்பிடவும் அதே அனுமதி வேண்டும். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தோம். பொரி விழுந்தது, பட்டை எழவில்லை.

“பதில் வந்துச்சா சார்?” என்று டைப்பிஸ்ட் அம்மா தினமும் கேட்பார்.

“கேட்டதுக்கு ரசீது வந்திருக்கு.”

“அந்த ரசீதைக் காட்டினா பென்ஷன் குடுப்பாங்களா?”

கடைசி வாரத்தில் எனக்கு வழி தோன்றியது. இருப்புச் சரிபார்ப்பு விதி ஒன்று உண்டு. மூடிய பெட்டிக்குள் இருப்பதையும் அதிகாரி கண்ணால் பார்த்தாக வேண்டும் என்கிறது அது.

“நாம இதைத் திறக்கலை. சரிபார்க்கிறோம்” என்றேன்.

“என்ன வேணா சொல்லுங்க சார். உடைஞ்சா நீங்க ரிடையர் ஆயிப் போயிடுவீங்க. மெமோ எனக்குத்தான் வரும்.”

நியாயமான பேச்சு. கம்ப்யூட்டரை அணைத்து, வயரைப் பிடுங்கி, மேஜையில் துண்டு விரித்துக் கீபோர்டைக் குப்புறப் படுக்க வைத்தேன். ஸ்க்ரூக்களைக் கழற்றிச் சாஸரில் போட்டேன். ஓரங்கள் தளர்ந்தன, நடு மட்டும் விடவில்லை. முத்திரை ஸ்டிக்கரை விரலால் தடவினால் அடியில் ஒரு குழி. கடைசி ஸ்க்ரூ அங்கே ஒளிந்திருந்தது.

கேன்டீனில் பை-டூ காபி சொன்னேன். அவர் தன் பாதியைக் குடித்தார். என் பாதி அரசுப் பணிக்குப் போனது: சூடான டம்ளரை ஸ்டிக்கர்மேல் வைத்தேன், கோந்து இளகியது, ஸ்டிக்கர் கிழியாமல் வந்தது. அதை ஜன்னல் கண்ணாடியில் பத்திரமாக ஒட்டிவிட்டு, ஒளிந்திருந்த ஸ்க்ரூவையும் கழற்றினேன்.

இனி கொக்கிகள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் கொக்கி முறிந்துவிடும். அதனால் பிளாஸ்டிக் ஸ்கேலை இடுக்கில் நுழைத்து மெதுவாகத் திருகினேன். ஒவ்வொரு ‘டக்’குக்கும் டைப்பிஸ்ட் அம்மா “முருகா” என்றார்.

அடிமூடி முழுசாக வந்தது. சரிபார்த்த இருப்பு: பொரி, ஊதுபத்திச் சாம்பல், ஸ்டேப்ளர் பின்கள், ஒரு பிஸ்கட் மூலை. பொரியையும் சாம்பலையும் தவிர மற்றதெல்லாம் பூஜைக்கு முந்தையது போலத்தான் இருந்தது. பட்டைக்கு அடியில் இறுகியிருந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, சுற்றிலும் அமுக்கி மூடி, ஸ்க்ரூக்களை முடுக்கினோம். பட்டை துள்ளி எழுந்தது. ஸ்டிக்கர் கொஞ்சம் சாய்ந்து ஒட்டிக்கொண்டது. மாதக் கடைசி நாள் மத்தியானம் தாள்கள் தபாலில் போயின. பென்ஷனும் ஒழுங்காக வந்தது.

மறு வருஷம் டைப்பிஸ்ட் அம்மா என் வீட்டுக்குப் போன் செய்தார்.

“சார், பதில் வந்திருக்கு. திறக்கலாமாம். ஆனா எதுவும் உடையக் கூடாதாம்.”

“ஃபைல்ல வையுங்க. அங்க என்ன மணிச் சத்தம்?”

“பூஜை சார். இந்த வாட்டி பாலிதீன் கவர் போட்டு, அதுமேலதான் சந்தனம் வச்சிருக்கேன்.”

கோப்பு முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காகக் குறிக்கிறேன். பதில் வந்து சேர்ந்த நாள்: ஆயுத பூஜைக்கு முந்தின நாள்.