லூசீல் குளிக்க வெந்நீர்

ரோசேர் கோஸ்லின் என் அக்கா லூசீலின் புருஷன். நானும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு, அதனால் எனக்கு அவன் அவன்தான், மரியாதையெல்லாம் கிடையாது. பனி கொட்டுகிற இந்த லூயிஸ்டன் ஊரின் ஷூ தொழிற்சாலையில், அது மூடும்வரை மாவு மாதிரி அரைபட்டவன். ஓய்வு என்று வந்ததும் அக்காவுக்கு நடுக்க நோய் வந்துவிட்டது. அன்றிலிருந்து சமையல், துணி, மருந்து, பனி அள்ளுவது, அவளைத் தூக்கி உட்கார வைப்பது எல்லாம் அவன் ஒருத்தன்தான். அந்த மனுஷன் சும்மா ஒரு நிமிஷம் நின்று நான் பார்த்ததில்லை. தூங்கும்போதுகூட ஒரு காதை அவள் கட்டில் பக்கம் திருப்பி வைத்திருப்பான்.

நான், அவள் தங்கை, அதே வீட்டில் மாடியில் இருக்கிறேன். கீழே அவர்கள். நிலவறையில் ஒரே எண்ணெய் பாய்லர்தான் இரண்டு தளத்துக்கும் சூடு கொடுக்கிறது. அதன் வயிற்றுக்குள் சுருண்டு கிடக்கிற செப்புக்குழாய் வழியாக ஓடி வருவதுதான் எங்களுக்கு வெந்நீர். அந்த வெந்நீர் ஜனவரியில் செத்துப்போனது. அறைகளைச் சூடாக்குகிற ரேடியேட்டர்கள் கொதிக்கின்றன, வீடு கதகதவென்று இருக்கிறது, குழாயைத் திறந்தால் மட்டும் நேற்று வைத்த தேநீர் மாதிரி ஒரு வெதுவெதுப்பு.

எனக்கு அது எரிச்சல், அவ்வளவுதான். அக்காவுக்கு அப்படி இல்லை. அவள் உடம்பு கட்டையாக இறுகிப்போகும். சுடுதண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை கிடந்தால்தான் விரல் பிரியும், அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரும். அதற்காக ரோசேர் அடுப்பில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தான். ஒரு சனிக்கிழமை அவர்கள் மகள் ஜிசெல் போர்ட்லண்டிலிருந்து வந்த நேரம் பார்த்து, நடையில் கால் தடுக்கி, கொதிக்கிற தண்ணீர் அவன் காலடியிலேயே கொட்டியது. நல்லவேளை, காலில் பூட்ஸ் இருந்தது.

ஜிசெல் அலறிவிட்டாள். "அப்பா, போதும்பா! அடுத்த வாரம் ஞாயிறு நான் வரும்போது குழாயில சுடுதண்ணி வரல்லைன்னா அம்மாவை முதியோர் இல்லத்துல சேர்த்துடுவேன். அங்க இடம் இருக்கு, நான் பேசி வச்சுட்டேன்."

"வீட்டுக்கே வந்து அக்காவைக் குளிப்பாட்ட ஒரு பொம்பளை வர்றேன்னு சொன்னாளே, அவளையாவது வரச் சொல்லக்கூடாதா?" என்றேன் நான்.

அக்கா கட்டிலிலிருந்தே கத்தினாள். "எவளோ ஒருத்தி முன்னாடி நான் துணியில்லாம உட்காரமாட்டேன். என் புருஷன் இருக்கான்ல!"

புருஷன் தரையில் சிந்திய தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் முழுக்க அவன் நிலவறையே கதி என்று கிடந்தான். பாய்லர் பழுது பார்க்கிற வெர்னன் வந்தான். செப்புக்குழாயில் உப்புப் படிந்திருக்கும் என்று மருந்து விட்டுக் கழுவினான். வெதுவெதுப்புதான். சுடுதண்ணீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்துவிடுகிற வால்வு போயிருக்கும் என்று புதுசு மாட்டினான். அப்பவும் வெதுவெதுப்புதான். "பாய்லரே கிழடாயிடுச்சு ரோசேர், உன்னை மாதிரி," என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனான். பெரிய ஜோக்காம்!

வெள்ளிக்கிழமை நான் படிமேல் நின்று எட்டிப் பார்த்தேன். ரோசேர் கண்ணை மூடிக்கொண்டு பாய்லரிலிருந்து வருகிற குழாயைத் தடவிக்கொண்டிருந்தான்.

"யோவ், அதுக்கு ஜோசியம் பார்க்கிறியா?"

"இங்க சுடுது கிளாடெட். வால்வு தாண்டியும் சுடுது. மேல போனதும் எப்படி ஆறிடுது?" குரலில் உயிரே இல்லை. "இன்னும் ஒரு தடவை அந்தச் செப்புக்குழாயைக் கழட்டிக் கழுவிப் பார்க்கிறேன். பாய்லருக்குப் போற தண்ணியை மூடிட்டேன். நீ சமையலறையில சுடுதண்ணிக் குழாயைத் திறந்து விடு, மிச்சம் இருக்கிறது வடியட்டும்."

போய்த் திறந்தேன். வந்தது. வந்துகொண்டே இருந்தது. நிற்கிற வழியாகத் தெரியவில்லை, அதுவும் பல்லைக் கிட்டவைக்கிற குளிர்.

"மூடினேன்னு சொன்னியே, என்னத்தை மூடினே? இங்க கொட்டுது!"

கீழே வால்வைத் திரும்ப முறுக்கிப் பார்க்கிற சத்தம். பிறகு மெதுவாகச் சொன்னான்: "மூடிட்டேனே. அப்புறம் எங்கிருந்து வருது?"

பாய்லர் வழி அடைத்தாயிற்று. அப்படியானால் வேறு எங்கேயோ பச்சைத்தண்ணீர் சுடுதண்ணீர்க் குழாய்க்குள் புகுந்துகொண்டிருக்கிறது. அவன் குழாயைப் பிடித்துக்கொண்டே நடந்தான், நானும் இறங்கிப் பின்னால் போனேன். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் துணி துவைக்கிற தொட்டி. அதற்குப் போகிற சுடுதண்ணீர்க் குழாய் ஐஸாக இருந்தது. தொட்டியின் சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் இரண்டு குழாயும் திறந்தே கிடந்தன. இரண்டும் சேருகிற மூக்கில் நீளமான ரப்பர் பைப், அதன் நுனியில் தண்ணீரை நிறுத்துகிற பூட்டு மட்டும் மூடியிருந்தது. வெளியே போக வழியில்லாத பச்சைத்தண்ணீர் அந்த மூக்குக்குள்ளேயே திரும்பி, சுடுதண்ணீர்க் குழாயில் ஏறி, வீடு முழுக்கப் போயிருக்கிறது.

அந்த ரப்பர் பைப் எதற்கென்று இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். குளிர்காலம் வந்தால் ரோசேர் கொல்லையில் பலகை கட்டி ஐஸ் தளம் போடுவான். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால்தான் ஐஸ் கண்ணாடியாக உறையும் என்று இரண்டு குழாயையும் திறந்து ஊற்றுவான். அக்காவின் கட்டில் ஜன்னலுக்கு நேரே அது. பள்ளி விட்டதும் பக்கத்து வீட்டு சோமாலியப் பிள்ளைகள் வந்து விழுந்து எழுந்து சறுக்கும். லூசீலுக்குப் பொழுது போகட்டும் என்றுதான் அவன் அந்த வேலையை விடவேயில்லை.

ரோசேர் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நானேதான்," என்றான். "அவளுக்குன்னு செஞ்சு, அவ தண்ணியை நானே கெடுத்திருக்கேன்." எனக்கு அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நானே குனிந்து இரண்டையும் மூடினேன்.

அன்றைக்கு மதியம் குளியலறை முழுக்க ஆவி. தொட்டியில் அக்கா கண்ணை மூடிக் கிடந்தாள், விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. ரோசேர் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னான்.

"எப்பவும் மூடுவியே. இந்த வருஷம் ஏன் மூடல?"

"பைப் நுனியைப் பூட்டினா போதும்னு விட்டுட்டேன். அந்தக் குழாயை மூட மெஷினுக்குப் பின்னால குனியணும் லூசி, முழங்கால் மடங்கல."

அவள் கண்ணைத் திறந்து என் பக்கம் திரும்பினாள். "கிளாடெட், அந்தப் பொம்பளைக்கு போன் போடு. குளிப்பாட்ட வர்றவளுக்கு."

"எதுக்கு? அதான் தண்ணி வந்துடுச்சே!" என்றான் ரோசேர்.

"தண்ணி வந்துடுச்சு. உன் முழங்கால் வந்துடுச்சா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சரி, அந்த ஐஸையும் நிறுத்திடறேன்," என்றான்.

"நிறுத்தினே, தொலைச்சுடுவேன். அப்புறம் நான் எதைப் பார்க்கிறது?"

"பிள்ளைங்களைத்தானே பார்க்கிறே? அதுங்க வேற எங்கயாவது…"

"பிள்ளைங்களையா? போடா கிழவா. நீ தண்ணி ஊத்துறதைத்தான் பார்ப்பேன். நாள் முழுக்க ஓடுறே. அந்தப் பைப்பைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும்போதுதான் ஒரு இடத்துல நிக்கிறே."

ஞாயிறு காலை ஜிசெல் வந்தாள். குழாயைத் திறந்து கையை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். உள்ளே குளிப்பாட்ட வந்த பெண் அக்காவுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அக்கா அவளைத் திட்டிக்கொண்டிருந்தாள், நன்றாகத்தான் இருந்தாள்.

"அப்பா எங்க சித்தி?"

ஜன்னலைக் காட்டினேன். கொல்லையில் ரப்பர் பைப்பைப் பிடித்தபடி ரோசேர் நின்றுகொண்டிருந்தான். வேறு ஒன்றுமே செய்யவில்லை. ஜிசெல் ரொம்ப நேரம் பார்த்தாள். இல்லத்தைப் பற்றி அன்றைக்கு அவள் வாயே திறக்கவில்லை.

அவன் பைப்பைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்ததும் நான் நிலவறைக்கு இறங்கி, மெஷினுக்குப் பின்னால் குனிந்து, இரண்டு குழாயையும் மூடினேன். இப்போது தினமும் அது என் வேலை. என் முழங்காலும் ஒன்றும் புதுசு இல்லை, ஆனால் அதை யாரிடம் சொல்ல!