சிட்டுக்கு விழுந்த அடி

இன்னாசியம்மாள் பன்றி வளர்த்தார். திண்டுக்கல்லுக்கு வெளியே எரியோட்டுப் பாதையில் அவருடைய பட்டி இருந்தது. புருஷன் போன பிறகு அவருக்கு மிஞ்சியது பன்னிரண்டு பன்றிகளும் ஒரு மகளும்தான். தினமும் நாகல் நகர் வீடுகளின் கொல்லைப்பக்கம் வந்து கழுநீர் வாங்கிப் போவார். அதில் தவிடு கலந்து பன்றிகளை வளர்த்து, அவற்றை விற்று மகள் ஜெபமாலையைப் படிக்க வைத்தார்.

ஜெபமாலை நாகல் நகரில் சித்தி வீட்டில் தங்கி எங்களோடு நாலாம் வகுப்பு படித்தாள். என் பக்கத்தில்தான் உட்காருவாள். அம்மா எங்கே என்று கேட்டால், தூரத்து ஊரில் டீச்சர் என்பாள். நாங்களும் நம்பினோம். உண்மை முழுவதையும் வெகுகாலம் கழித்து அவளே என்னிடம் அழுதுகொண்டு சொன்னாள்.

1958இல் ஸ்தனிஸ்லாஸ் சார் எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்தார். பண்ணை விலங்குகள் பாடம். ஆடு, மாடு, கோழி எல்லாம் எங்களுக்குத் தெரியும்.

"பன்னியைச் சாக்கடையில தவிர வேற எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றைக்கே இன்னாசியம்மாளைப் பார்த்துப் பேசி, எங்களைப் பட்டிக்குக் கூட்டிப்போக நாள் குறித்தார். தன் மகளும் அந்த வகுப்புதான் என்று இன்னாசியம்மாள் சொல்லவில்லை. 'இதுதான் எங்க அம்மா' என்று மகளே எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்த ஆசையில் பட்டிக்குச் சுண்ணாம்பு அடித்தார், பன்றிகளைக் குளிப்பாட்டினார், நாற்பது பிள்ளைகளுக்கும் நிலக்கடலை அவித்து வைத்தார். பாவி மனுஷி, அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறார்.

நாங்கள் போனதும் போகாததுமாக மூக்கைப் பொத்தினோம். நாற்றமே இல்லை. பன்றி என்றால் பொத்த வேண்டும் என்று பொத்தினோம்.

"பன்னி அழுக்கு இல்ல சாமி. வெயிலு தாங்காது, அதான் சேத்துல பொரளுது. படுக்குற எடத்த அது அசிங்கம் பண்ணாது" என்றார் இன்னாசியம்மாள். பேச்சு எங்களிடம், கண் ஜெபமாலையிடம். அவளோ எங்களைவிட இறுக்கமாக மூக்கைப் பிடித்திருந்தாள்.

அப்போதுதான் சிட்டு வந்தது. தாய் ஒதுக்கிய குட்டி அது. போன கோடை லீவில் ஜெபமாலைதான் துணியை ஆட்டுப்பாலில் நனைத்துச் சப்பக் கொடுத்துப் பிழைக்க வைத்திருந்தாள். நாற்பது பேரையும் விட்டுவிட்டு நேராக அவளிடம் ஓடி, காலில் மூஞ்சியைத் தேய்த்தது.

"ஏம்மா, ஒன்னைய அதுக்குத் தெரியுமா?" என்றார் சார்.

"தெரியாது சார். எனக்கு இங்க யாரையும் தெரியாது" என்றாள் ஜெபமாலை.

 இன்னாசியம்மாள் குச்சியை எடுத்துச் சிட்டை அடித்தார். ஒருநாளும் பன்றியை அடிக்காத கை அது. சிட்டு கத்திக்கொண்டே மறுபடி ஜெபமாலையிடமே ஓடியது. மறுபடி அடித்தார்.

"யாரக் கண்டாலும் இது இப்படித்தான் ஓடும். நீங்க பயப்படாதீங்க பாப்பா" என்றார். பெற்ற பிள்ளையை 'நீங்க' என்றார்.

கிளம்பும்போது எல்லாருக்கும் ஒரு கை கடலை கொடுத்தார். ஜெபமாலைக்கும் அதே ஒரு கைதான்.

கோடை லீவுக்கு ஜெபமாலை வீட்டுக்குப் போனபோது பட்டி காலியாக இருந்தது. சிட்டும் இல்லை. சுண்ணாம்பு மட்டும் வெள்ளையாக இருந்தது. இன்னாசியம்மாள் ரோட்டுக்குக் கல் உடைக்கப் போய்க்கொண்டிருந்தார். விரல்களில் துணி சுற்றியிருந்தது.

"இனிமே யாராச்சும் கேட்டா, எங்கம்மா ரோட்டு வேலை பாக்குதுன்னு சொல்லு கண்ணு. அதச் சொல்லலாம்ல?" என்றார்.

ஏழு வருஷம் கல் உடைத்து, இருமி இருமிச் செத்துப்போனார். அந்த ஏழு வருஷத்தில் நான் உட்பட எங்களில் ஒருத்தரும் ஜெபமாலையிடம் அவள் அம்மாவைப் பற்றிக் கேட்கவே இல்லை.