மாமா கூட்டிய சத்தம்

எங்கள் சர்ச் பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் பாட்டுகளை சி.டி.யாகப் போட வேண்டும் என்று கிளம்பியவர் மாமா. அம்மாவின் அண்ணன், குழுவுக்கு கீபோர்டு வாசிப்பவர். அதில் ஒரு பாட்டை என் சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, தனியாகத் தொடங்குவாள். அவள் முதல் வரியை எடுக்கும்போது மின்விசிறிச் சத்தம்கூடப் பெரிதாகத் தெரியும். அவ்வளவு மெல்லப் பாடுவாள். கடைசிச் சரணத்தில் குழு முழுவதும் சேரும்போது எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும். அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

சி.டி. வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து இரணியலில் எங்கள் வீட்டில் கூடினோம். மாமா பிளேயரில் போட்டார். முதல் வரியிலேயே திடுக்கிட்டுப் போனேன். சித்தி காதுக்குள் கத்துவதுபோல் இருந்தது. கடைசிச் சரணம் வந்தது. அத்தனை பேர் சேர்ந்தும் பாட்டு இம்மிகூட உயரவில்லை.

“இது நம்ம பாட்டா மாமா?”

“மாஸ்டரிங் மக்களே. மெல்லிசா இருந்தத தூக்கி, உரக்க இருந்தத அமுக்கி, ஒரே மட்டத்துல நிறுத்தச் சொன்னேன். மத்தவன் சி.டி. எல்லாம் அலறும்போ நம்மது முனங்கிட்டுக் கிடந்தா பஸ்ஸுல எவன் கேப்பான்?”

எனக்கு அழுகை வந்தது. எல்லாவற்றையும்விட மோசம் சித்தியின் மூச்சு. சர்ச்சில் யாருக்குமே கேட்காத மூச்சு, இப்போது இரண்டு சொல்லுக்கு ஒருமுறை பெரிதாக இரைந்தது. சித்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

“இன்னொருக்க போடுண்ணே. தொடக்கம் மட்டும்” என்றாள் அம்மா. அவள் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கண்ணை மூடிக் கேட்டாள். மறுபடியும் போடச் சொன்னாள். கண்ணைத் திறந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

“ஏட்டி, ஒரு வரிய ஒரே மூச்சுல பாடுவியே. நடுவுல எதுக்கு இத்தன மூச்சு வாங்குத? ராத்திரி மலந்து படுக்க முடியுதா?”

சித்தி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

“ரெண்டு தலவாணி வச்சிக்கிடுவேன்க்கா.”

அன்றைக்கே அம்மா அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருந்ததாம். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் தப்பியிருக்க மாட்டாள் என்றார்களாம். திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. மாமா சத்தத்தைக் கூட்டியதால்தான் சித்திக்கு நோய் வந்தது என்று நான் தீர்மானமாக நம்பினேன். அவரோடு பேசுவதை நிறுத்தினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் நீட்டிய நேந்திரங்காய் சிப்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து சித்தி கண் விழித்துவிட்டாள் என்று டாக்டர் வந்து சொன்னதும், அம்மா நேரே மாமாவிடம் போனாள். நல்ல திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தேன். அவளோ அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். பாட்டை நாசம் பண்ணியவரின் கையைப் போய் இப்படிப் பிடித்துக்கொள்கிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.