ஒரு நடிகரின் நாலு நிமிடம்

சிட்னியின் செவன் ஹில்ஸில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். தொண்ணூறு கடந்த மனிதரை மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. அவரை அங்கிள் என்றுதான் கூப்பிட்டேன். அவர் அமெரிக்கர். கறுப்பு வெள்ளைக் காலத்தில் தொலைக்காட்சியிலும் சினிமாவிலும் நடித்ததாகச் சொன்னார். நான் நம்பினேன்.

பெரிய நடிகர் ஒன்றுமில்லை. குதிரையும் துப்பாக்கியுமாக ஓடுகிற தொடர்களில் கிழமைக்கு ஒரு தடவை சுடப்பட்டுச் செத்திருக்கிறார். ஒரே தொடரில் இரண்டு தடவை செத்ததும் உண்டு; இரண்டாவது தடவை மீசை ஒட்டிவிட்டார்களாம். எப்படி விழுந்தால் முகம் கமெராவுக்குத் தெரியும் என்று தலையணையில் சரிந்து காட்டுவார். முகம் தெரியாமல் செத்தால் மறுபடி கூப்பிட மாட்டார்கள் என்பார். ஒரேயொரு படத்தில்தான் வாய் திறந்து ஒழுங்காகப் பேசக் கிடைத்தது. தம்பியைத் தூக்குக்கு அனுப்பிய நீதிபதியின் வீட்டு வாசலில் நின்று ஓர் அண்ணன் பேசுகிற நாலு நிமிடம். இனி நல்ல காலம்தான் என்று நினைத்தாராம். எங்கே வந்தது! சிட்னியில் ஒரு தொடர் என்று கூட்டி வந்தார்கள், அதுவும் பாதியில் நின்றது. பிறகு பிளாக்டவுனில் கார்ப்பெட் விற்றே வயது போனது. மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை.

இல்லத்தின் பொறுப்பாளர் இதில் ஒரு சொல்லையும் நம்பவில்லை. அங்கிள் நடித்தது வேறு பெயரில்; பழைய புகைப்படங்கள் எல்லாம் வீடு மாறும்போது தொலைந்துவிட்டன. நடக்காததை நடந்ததாகச் சொல்வது மறதி நோயின் அறிகுறி என்று சொல்லி, அவரை உள்பகுதிக்கு மாற்றுவதாகப் பேச்சு அடிபட்டது. உள்பகுதிக் கதவு எண்களை அமுக்கினால்தான் திறக்கும், அந்த எண்கள் அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது. அங்கிள் சாவுக்குப் பயப்படவில்லை. அந்தக் கதவுக்குத்தான் பயந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடந்ததைச் சொல்லிவிட்டு ஆதாரமில்லாமல் நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதி விசாரணையில், ஊரில் என் அண்ணனை எங்கள் கண் முன்னால் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனதைச் சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், அப்படியொரு பதிவு இல்லையே என்றார்.

அப்போதுதான் அங்கிள் நாலு நிமிடம் பேசிய அந்தப் படம் பகலில் தொலைக்காட்சியில் போகப்போவதாகத் தெரிந்தது. எங்கள் ஆட்களுக்கு எதையும் சத்தமில்லாமல் செய்யத் தெரியாதே. வடை சுட்டுக்கொண்டு போனேன். அங்கிளின் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். பொறுப்பாளரையும் மற்ற வயோதிபர்களையும் அழைத்து, முன்வரிசையில் அங்கிளை இருத்தி, அரங்கேற்றம் மாதிரி ஆக்கிவிட்டேன்.

படம் ஓடியது. நீதிபதியின் வீடு வந்தது. யாரோ கதவைத் தட்டினார்கள், நீதிபதி எழுந்தார். உடனே மெத்தை விளம்பரம். அது முடிந்தபோது நீதிபதி ஊரைவிட்டு வண்டியில் போய்க்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க ஹீரோ எங்க?" என்று தமிழ்நாட்டு நர்ஸ் மெதுவாகக் கேட்டாள். கேலியாகக் கேட்டிருந்தாலாவது திட்டியிருப்பேன்.

"வருவார், கொஞ்சம் பொறும் பிள்ளை" என்றேன்.

வரவில்லை. பொறுப்பாளர் வடையைக் கடித்தபடி அங்கிளை இரக்கத்தோடு பார்த்தார். அந்த இரக்கத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அடுத்த கிழமை அவரை உள்ளே மாற்றினார்கள்.

என் மகள் இணையத்தில் தேடி முழுப் படத்தையும் பிடித்துத் தந்தாள். "ஆட்ஸ் போட இடம் வேணுமெண்டு கட் பண்ணியிருக்கினம், அம்மா." அந்த நாலு நிமிடமும் அப்படியே இருந்தது. மழையில் நின்று, குரலை உயர்த்தாமல், தம்பியின் கால் சப்பாத்தை மட்டும் திருப்பிக் கேட்கிறான் அந்த அண்ணன். நான் விம்மி விம்மி அழுதேன். பொறுப்பாளரிடம் ஓடினேன். பார்த்தார். நல்ல படம்தான், ஆனால் இந்த இளைஞன் யாராகவும் இருக்கலாமே என்றார். இறுதியில் ஓடிய பெயர்களில் இவன் பெயரே இல்லை. இவ்வளவு சின்ன வேடத்துக்கு அந்தக் காலத்தில் பெயர் போடுவதில்லையாம்.

அவராவது பார்க்கட்டும் என்று உள்பகுதிக்குப் போனேன். கைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். ஒவ்வொரு வசனத்துக்கும் அவருடைய உதடுகள் கூடவே அசைந்தன. முடிந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இதை யாருக்காவது காட்டினாயா?"

பொறுப்பாளருக்கு என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். அந்த நடிகன் கதையை விட்டுவிட்டால் வெளியே மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அதனால் அங்கிளும், தான் ஒரு நடிகனே இல்லை, வாழ்நாள் முழுக்கக் கார்ப்பெட் விற்றவன்தான் என்று சொல்லிவிட்டாராம்.

"அதை மட்டும் உடனே நம்பினார்கள்," என்றார். "தயவுசெய்து அழித்துவிடு."

"அங்கிள், இது நீங்கள்தானே?" என்றேன்.

அந்த நேரம் பார்த்துத் தாதி ஒருத்தி மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அங்கிள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது நான் இல்லை," என்றார், அவளுக்கும் கேட்கும்படி.

அவள் சிரித்து, கெட்டிக்காரன் என்று அவர் தோளில் தட்டிக்கொடுத்தாள்.