தோப்பில் இல்லையென்றால்

சரவணம்பட்டியில் ஒரு கல்லூரியில் தர்க்கவியல் பாடம் நடத்துகிறேன். வேலைக்கான தேர்வில் அதிலிருந்து கேள்வி வரும் என்பதால் பிள்ளைகள் போனால் போகிறது என்று கேட்பார்கள். எடுத்துக்கொண்ட கூற்றுகள் உண்மையாக இருந்து, வாதமும் ஒழுங்காக இருந்தால், முடிவு பொய்யாக வழியே இல்லை என்பேன். கூற்றில் ஒன்று பொய்த்துவிட்டாலோ, அதே ஒழுங்கான வாதம் நம்மை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் விட்டுவிடும். இவ்வளவு பேசுகிற என்னால் என் தங்கையை ஒரு காரில் ஏற்ற முடியவில்லை.

அவள் கணவர் தென்னந்தோப்பில் மயங்கி விழுந்து இறந்துபோனார். கருமாதி முடிந்த பிறகும், பொள்ளாச்சியைத் தாண்டி இருக்கும் அந்தத் தோப்பு வீட்டில் அவள் தனியாகவே இருந்தாள். சரியாகச் சாப்பிடுவதில்லை, இளைத்துவிட்டாள். இந்த முறை கையோடு கூட்டி வந்துவிடுவது என்று போனேன்.

மாலையில் கிணற்று மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது. அவள் முகம் தெளிந்தது.

"மோட்டார் ஓடுனா அவிய தோப்புல இருக்காங்கன்னு அர்த்தமுங்க்கா. ஓடுது பாருங்க. அவியள உட்டுப்போட்டு நான் எப்படி வருவேன்?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் உயிரோடு இருந்தவரை அவள் சொன்னது உண்மைதான். ஆட்டோ சுவிட்சில் போட்டால் மோட்டார் புகைந்துவிடும் என்று பயந்தவர் அவர். மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்துத் தானே போய்ப் போடுவார், வேறு யாரையும் தொட விடமாட்டார். அவர் போன பிறகு, தோப்பு வேலைக்கு வருகிறவர் ஆட்டோவில் போட்டுவிட்டார். கரண்ட் வந்தால் அதுவே ஓடும்.

அவளை இழுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து காட்டினேன்.

"இதுதான் ஓட்டுது அம்மணி. வேற யாருமில்ல." சுவிட்சை அணைத்தேன். "நாளைக்கு ஓடாது. ஓடலீனா அவரு தோப்புல இல்லைன்னு ஒத்துக்கிட்டு என்கூட வரோணும், செரியா?"

"செரிங்க்கா" என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் எதற்குமே ஒத்துக்கொண்டதில்லை.

மறுநாள் அவள் துணிகளைப் பையில் அடுக்கி, கூடத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மின்சாரம் வந்தது. அக்கம்பக்கத்துத் தோப்புகளில் மோட்டார்கள் ஓடத் தொடங்கின. எங்கள் கிணற்றடி மட்டும் சத்தமில்லாமல் கிடந்தது.

"பாத்தியா கண்ணு? அவரு தோப்புல இல்ல."

"இல்லீங்க்கா" என்று உடனே ஒத்துக்கொண்டாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். தட்டில் மூன்று டம்ளர்கள் இருந்தன.

"அந்தப் பைய எடுத்துக்கறீங்களாக்கா? அவிய அங்கதான் உக்காருவாங்க."

"இப்பத்தான இல்லைன்னு ஒத்துக்கிட்ட?" என்றேன்.

"தோப்பையும் ஊட்டையும் உட்டா அவியளுக்குப் போக்கிடம் ஏதுங்க்கா? தோப்புல இல்லீனா ஊட்டுலதான இருக்கோணும்?"

தோப்பு அல்லது வீடு. தோப்பில் இல்லை. ஆகவே வீடு. வகுப்பில் யாராவது இப்படி எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். 'தோப்பில் இல்லை' என்ற கூற்றை அவளுக்குக் கொடுத்ததும் நான்தான். செத்தவர் எங்குமே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் மூன்றாவது டம்ளரை ஆற்றிக்கொண்டிருந்தாள், சூடு அவருக்கு ஆகாது.

பையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அதுவரை கிணற்றடியோடு இருந்த மனிதரை, வீட்டுக்குள் கூட்டிவந்து உட்காரவைத்தது நான்தான்.