கல்கத்தா நேரம்

போன கிழமை மகளின் பழைய மடிக்கணினிக்கு லினக்ஸ் போட்டுக்கொடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் எழுத்திலேயே கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் அந்த நீலத் திரை எனக்குப் புதிதில்லை. என் பதினோராவது வயதில், திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய மாமாவின் வீட்டு முன்னறையில் அதை முதன்முதலாகப் பார்த்தேன்.

அம்மாவும் நானும் அப்போது மாமா வீட்டில் இருந்தோம். அம்மாவின் கறவைப் பசுவை அப்பா ஒரு சொல் கேட்காமல் தன் தங்கைக்குக் கொடுத்துவிட்டார். பசு போன அன்றே அம்மா என்னையும் ஒரு துணிப்பையையும் எடுத்துக்கொண்டு, லாஞ்சியில் குடாவைக் கடந்து தன் தம்பியிடம் வந்துவிட்டார். மூன்று மாதம் கழித்து அப்பா சொல்லியனுப்பினார்: ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வருவேன், அவள் புறப்பட்டு வந்தால் கூட்டிப்போவேன், இல்லாவிட்டால் இனி வரமாட்டேன். மாமா அதற்கும் மேலே போனார். ஒன்பதுக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் வாசல் படலை திறக்காது என்று அயல் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார்.

அந்த நாட்களில் எங்களுக்கு இரண்டு நேரம் இருந்தது. அரசாங்கம் கடிகாரத்தை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தது. பட்டினத்தில் அது புது நேரம். குடாவுக்கு அந்தப் பக்கம், போராளிகளின் கையில் இருந்த அப்பாவின் ஊரில், பழைய நேரமே ஓடியது. அப்பாவின் ஒன்பது மணி, மாமாவின் சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதரை. இது எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் மாமா கம்பியூட்டரோடு மல்லுக்கட்டினார். ஆட்களுக்கு விண்ணப்பங்கள் தட்டச்சு செய்து கொடுக்க வாங்கிய பெட்டி அது. வைரஸ் விழுந்து படுத்துவிட்டது. சஞ்சிகை ஒன்றோடு இலவசமாக வந்த லினக்ஸ் சீடியைப் போட்டார். மவுஸ் அசையவில்லை. அம்புக்குறிகளும் என்டரும்தான். மாமா சஞ்சிகையை மடியில் விரித்து வழி சொல்ல, நான் அழுத்தினேன். ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படும் எனக்கு, வாய் திறக்காமலே பதிலை ஏற்றுக்கொள்ளும் அந்தப் பெட்டியைப் பிடித்துவிட்டது.

எந்த ஊர் நேரம் என்று கேட்டது. பட்டியலில் திருகோணமலை இல்லை.

“இன்னும் கீழ இறங்கு, கொழும்பு வரும்,” என்றார் மாமா. “இது கல்கத்தா. இந்தியாக்காரருக்கு எங்கட பழைய நேரம்தான்.”

அம்மா அகப்பையோடு குசினி வாசலுக்கு வந்தார்.

“அதையே விடன், தம்பி.”

“விசர்க் கதை கதையாதைங்கோ அக்கா. வாற சனம் சிரிக்கும்.”

“சிரிக்கட்டுமே. ஒரு பெட்டிதானே.”

மூன்று மாதத்தில் அந்த வீட்டில் அம்மா வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விரல் என்டரில் விழுந்துவிட்டது.

மாமா என் தலையில் குட்டினார். “எருமை! இனிப் பின்னுக்குப் போக ஏலாது. போனா எல்லாம் அழிஞ்சுபோகும்.”

அடுத்த திரை இப்போது என்ன மணி என்று கேட்டது. மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்து, முணுமுணுத்தபடி அரை மணித்தியாலம் குறைத்துச் சொன்னார்.

ஞாயிறு காலை சுவர்க் கடிகாரம் ஒன்பது அடித்தது. அம்மா துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கம்பியூட்டருக்கு முன்னால் கதிரையில் இருந்தார். மாமா படலையடிக்குப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து திரையின் மூலையைக் குனிந்து பார்த்தார்.

“இதில இன்னும் எட்டரைதான். எல்லாம் இந்தக் குரங்கு செய்த வேலை,” என்று என்னைக் காட்டினார். பிறகு தேத்தண்ணி கேட்டார்.

திரையில் ஒன்பதாக இரண்டு நிமிடம் இருக்கும்போது அப்பா படலையில் நின்று செருமினார். பசு திரும்ப எங்கள் வீட்டுக் கட்டைக்கு வந்துவிட்டது என்று வெளியில் நின்றே சொன்னார்.

“உள்ளுக்கு வாங்கோ அத்தான்,” என்றார் மாமா. “நேரத்துக்குத்தான் வந்திருக்கிறியள்.”

திரும்பிப் போகும் லாஞ்சியில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் ஒற்றை விரல் மாமாவைத் தோற்கடித்துவிட்டது என்று நினைத்தேன்.

இப்போது நாடு முழுக்க ஒரே நேரம். மகளின் மடிக்கணினியில் அதே கேள்வி வந்தபோது கொழும்பில் நிறுத்தினேன். அப்போதுதான் திரையின் அடியில் பார்த்தேன், ‘பின்னுக்குப் போ’ என்று ஆங்கிலத்தில் ஒரு பொத்தான். அழுத்தினேன். முந்தின கேள்வி வந்தது. ஒன்றும் அழியவில்லை.

அன்றைக்கு எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. மாமாவுக்குத் தெரியும்.