அஞ்சாவது படித்தவனுக்கு வைத்த பரீட்சை

பனியன் பிரிண்டிங் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தேன். அச்சடிக்கும் பிரேமின் வலையில் அடைத்துக்கொண்ட சாயத்தை, அதைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் தேய்த்து எடுக்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் தூசி வந்து ஈரப் பனியனில் ஒட்டிவிடும் என்று மூடியே வைத்திருப்போம்.

கொஞ்ச காலமாக எல்லாம் மறந்தது. நடக்கும்போது தள்ளாடினேன். "குடிக்கவும் மாட்டீங்க, அப்புறம் எதுக்குத் தள்ளாடறீங்க?" என்று கேட்ட மனைவிதான் என்னைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டரம்மா ஐந்து சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். இரண்டுதான் வந்தன. காகிதத்தில் எண்களைக் கோடு போட்டு வரிசையாக இணைக்கச் சொன்னார். ஏழுக்குப் பிறகு எங்கே போவதென்று தெரியவில்லை. கூச்சத்தில் வியர்த்தது.

"நான் அஞ்சாவதுதானுங்க படிச்சேன்" என்றேன். அதுதான் காரணம் என்பதுபோல் அவர் தலையசைத்து எழுதினார். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

"அதை எழுதாதீங்க டாக்டரம்மா" என்றாள் மனைவி. "அஞ்சாவது படிச்ச இதே ஆளுதான் போன வருசம் அடிச்ச கலரைக்கூட கலர் அட்டையே பாக்காம கலக்குவாருங்க. இப்ப அரிசி வாங்கப் போனா வெறும் பையோட ஊட்டுக்கு வர்றாரு."

"சும்மா இரு புள்ள."

"நீங்க சும்மா இருந்துதானுங்க இப்படி ஆச்சு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என்ன வேலை, எந்தத் திரவம், ஜன்னல் திறக்குமா என்று விசாரித்தார்.

"ஞாயித்துக்கிழமை எப்படி இருக்கும்?"

"தலை வலிக்குமுங்க. திங்கக்கிழமை பட்டறைக்குப் போய் அந்த வாசம் பட்டாச் சரியாயிருமுங்க."

பட்டறையில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். அதை மருந்து என்றே நினைத்திருந்தேன். டாக்டரம்மா முன்பு எழுதியிருந்த வரியை அடித்தார்.

ஸ்கேனும் மற்ற சோதனைகளும் முடிய ஒரு மாதம் ஆனது. தின்னர் ஆவி மூளையைப் பாதித்திருக்கிறது என்றார். போனதெல்லாம் திரும்பும் என்று சொல்ல முடியாது. அந்தக் காற்றை விட்டு விலகினால் மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம் என்று சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

முதலாளி அதை இரண்டு முறை படித்தார். நல்லவர்தான். "மூணு மாசம் லீவு எடுத்துட்டு வாங்கண்ணா" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்து நான் மறுத்துப் பேசியதே இல்லை. அன்று தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"தின்னர் இருக்கற எடத்துக்கு இனி வரலீங்க. பேக்கிங்ல நிக்க வெச்சா வர்றனுங்க."